ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

பல் வைத்தியரோடு யாரும் கதைப்பதில்லை. வாய்க்குள் கண்ணாடி இருக்கும்போது எப்படிக் கதைப்பது? கழுவித் துப்பியதும் எழுந்து போய்விடுவார்கள்.

என் அப்பா வங்காலைக் கரையில் கருவாடு போடுபவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பட்டம் பெற்ற நாளிலிருந்து அவரே என்னை "டொக்டர்" என்கிறார். கூடப் படித்தவளுகள் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். இந்த மரியாதையை நான் யாரிடம் கேட்டேன்?

காமில் மட்டும் மாறவில்லை. அவன் தாய் மருத்துவச் சபைக்குக் கொடுத்த முறைப்பாட்டை விசாரிக்கத்தானே வந்திருக்கிறீர்கள். நாங்கள் ஒரே வகுப்பு. அவன் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிச் சுழியோடிக் கடலட்டை பிடிப்பவன். ஈறில் இரத்தம் கசிகிறதென்று உப்புக்குளத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தான்.

"என்ன பெற்றிசியா, வாய்க்குள்ள முத்துக் குளிக்கிறியோ?"

"அலட்டாமல் ஆவெண்டு இரு."

"பள்ளிக்கூடத்தில என்ர பென்சிலைக் கடிச்சவள், இப்ப என்ர பல்லை எண்ணுறாய்."

சிரித்தேன். அந்த அறையில் நான் சிரித்தது அன்றுதான்.

கதிரையிலிருந்து எழும்பும்போது சொன்னான்: "ஈஸ்டர் முடிய முல்லைத்தீவுக்குப் போறன். இனி அங்கைதான் தொழில்."

நீங்கள் கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். பெரியவர்களில் கடுமையான ஈறு நோய் எது என்பதற்கு ஒரே விடை இல்லை. பல்லைப் பிடித்திருக்கும் ஈறு ஆறு மில்லிமீற்றர் கழன்றிருந்தால்தான் கடுமை என்கிறது ஒரு முறை. ஐந்து போதும் என்கிறது இன்னொன்று. காமிலுக்கு ஐந்து. முதலாவதின்படி நடுத்தரம், இரண்டாவதின்படி கடுமை. படித்தவர்களே ஒத்துப்போகாத இடத்தில் நான் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். அதில் பிழையில்லை.

"கடுமையாக் கிடக்கு. பிடுங்கத்தான் வேணும்."

"நீ சொன்னால் சரிதானே."

எந்த முறையும் பிடுங்கச் சொல்லவில்லை. ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கெடுக்க வந்தவை அவை. துப்புரவாக்கியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும்.

ஐந்து இருந்ததும் கடைவாய்ப் பற்களில்தான். அவற்றை நான் தொடவில்லை. முன்பற்களையும் அவற்றுக்கு இருபுறமும் உள்ள கூரான வேட்டைப்பற்களையும் எடுத்தேன். நோயில்லாத பற்கள்; ஒவ்வொன்றையும் ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. தவக்காலம் முழுவதும் கிழமைக்கு ஒருதரம் வந்தான். ஊசி போட்டு ஈறு விறைக்கும்வரை கதைத்துக்கொண்டிருப்போம்.

கடலடியில் மூச்சுவிட, சிலிண்டரிலிருந்து காற்று வரும் குழாயின் றப்பரைச் சுழியோடுபவன் அந்தப் பற்களால்தான் கவ்வ வேண்டும். கவ்வ முடியாதவனை தோணி வைத்திருக்கும் எந்தச் சம்மாட்டியும் தொழிலுக்கு ஏற்றமாட்டான். தெரிந்துதான் செய்தேன்.

பொய்ப்பல் ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்கிறீர்கள். ஈறு ஆறவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அது எப்போதோ ஆறிவிட்டது. கட்டிக் கொடுத்தால் பிறகு எதற்கு வருவான்?

இப்போது அவன் கடற்கரைப் பக்கம் போவதில்லை. கோயிலிலும் கடைசியில் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொள்கிறானாம். என் கதிரையில் இருக்கும்போது மட்டும் கையை எடுக்கிறான். ஒருவருக்கு ஒருவர் ஆறுதலாக இருப்பது என்றால் வேறென்ன?