குறைந்துகொண்டே வந்த எண்கள்

குழந்தைகளுக்கு வலிக்காமல் ரத்தம் எடுப்பேன். அந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை மூடிய பிறகு, பிள்ளைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று மாதாமாதம் பார்க்கும் வேலை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் நான்தான்.

முதல் மாதமே தாய்மார்களைக் கூப்பிட்டு விளக்கினேன். புதிதாக உள்ளே போகாவிட்டால், ரத்தத்தில் இருப்பது ஒன்றிரண்டு மாதத்தில் ஏறக்குறைய பாதியாகும். எலும்பில் படிந்தது மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வெளியேறும்.

"பயப்படாதீங்க, உடம்பே கழுவித் தள்ளிடும்" என்றேன். அவர்கள் முகத்தில் உயிர் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் மாதம் எண்கள் குறையவில்லை. ஏறியிருந்தன. கருவிக் கோளாறோ என்று மூன்று முறை பார்த்தேன். ஈயம் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. விளையாட்டு மைதானத்தின் பள்ளங்களைப் பட்டறைச் சாம்பலைக் கொட்டித்தான் நிரவியிருந்தார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து பரிசோதித்தேன். முடிவு வந்த தாளைக் கிழித்துப் போட்டேன். 

வெளியே பெஞ்சில் தாய்மார்கள் காத்திருந்தார்கள். "அக்கா, கொறஞ்சிருக்கா?" என்று ஒருத்தி எழுந்து வந்தாள். நானே கொடுத்த வாக்கை நானே எப்படி மாற்றுவது? என்னைப் பிய்த்துவிடுவார்கள்.

"கொறஞ்சிருக்கு" என்றேன். பிறகு, சொன்னதற்கு ஏற்றபடி எழுதினேன். அவ்வளவுதான்.

அவள் மகளுக்கு ஆறு வயது. எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் மாதம், "என் ரத்தத்த எங்க கொண்டு போறீங்க? திருப்பித் தருவீங்களா?" என்று என்னைத் துளைத்து எடுத்தாள். மூன்றாம் மாதம் ஒரே ஒரு கேள்வி. நான்காம் மாதம் பேசாமல் கையை நீட்டினாள்.

"எப்பப் பாத்தாலும் வயித்து வலிங்கிறா அக்கா. சோறே எறங்கல" என்றாள் அம்மா.

"வளர்ற பிள்ளைங்கன்னா அப்படித்தான்."

"கிரவுண்டுல விளையாட விடலாமா?"

"தாராளமா விடுங்க."

அன்று வந்த எண் தொண்ணூற்றொன்று; எழுபதைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. பதினான்கு என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து வகுப்பறையிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். இன்னும் பதினொரு பிள்ளைகள் மருத்துவமனையில் இருப்பது, விசாரிக்க வந்த நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை ஐயா. நாலு மாதம் அந்தப் பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அது என்னால்தான்.

என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவளும் அதே பள்ளிதான், இரண்டாம் வகுப்பு. மண்ணைப் பரிசோதித்த மறுநாளே வேறு ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டேன். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவளுக்குப் பெரியம்மா என்றால் கொள்ளைப் பிரியம்.