எரிக்காத தாள்கள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்... மழைச் சத்தத்தில் கேட்காது. இது என் நண்பன் காமிலின் ராத்தா, அதாவது அக்கா, ஹபீலாவுக்கு நடந்தது. அன்றைக்கு வேன் ஓட்டியவனே காமில்தான்.

2003, மே மாதம். பொழுது சாய்கிற நேரம். றக்வானையில் இருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். எதிரே ஒரு வாகனம்கூட வரவில்லை.

ஹபீலாவுக்குக் கொழும்பில் பழைய படங்களைப் பாதுகாக்கும் இடத்தில் வேலை. அந்தத் தோட்டத்து கஜேந்திரன், இளவயதில் ஒரு கார்ட்டூன் படத்துக்குச் சித்திரம் கீறியவர். காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டும், தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரி ஒருத்தியின் கதை. அவள் கையைத் தூக்கினால்கூட ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தாள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள். படம் திரைக்கு வருமுன்பே படச்சுருள் தீயில் போய்விட்டது. மிஞ்சிய தாள்களைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர், அதற்குப் பிறகு ஒரு கோடும் கீறவில்லை. அப்படியே செத்தும் போனார். அந்தத் தாள்களை எடுத்துவரத்தான் ஹபீலா போனாள்.

அவர் மனைவி விஜயகலா விளக்கோடு வாசலில் நின்றாள்.

“என்னோட சேத்து எரிச்சிருன்னு சொல்லிட்டுத்தான் போனாருங்க. நான் எரிக்கல. ஆனா... அந்த ரூமுக்குள்ள நான் போறதில்ல. நீங்களே எடுத்துக்கங்க.”

கதவைத் திறந்ததும் வினாகிரியின் புளித்த நாற்றம். அந்தத் தாள் கெடத் தொடங்கினால் அப்படித்தான் நாறும், அது ஹபீலாவுக்குத் தெரியும். ஆனால் உள்ளே ஒரு சத்தம்... சர்ர்... சர்ர்... யாரோ தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டுவது போல. டோர்ச் அடித்தாள். நின்றது.

பெட்டிகளைக் காமில் வேனுக்குத் தூக்கினான். கடைசிப் பெட்டி வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆணி இல்லை, கயிறு இல்லை... அது பின்னோக்கி நகர்ந்தது. சுவரை நோக்கி. சிமெந்துத் தரையில் கிரீச்... என்று.

காமில் கையை எடுத்துவிட்டான். “ராத்தா, உட்டுட்டு வாங்க!”

அவள் விடவில்லை. தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். காதருகே ஒரு மூச்சு. சூடாக இருந்ததாம். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

“கீறினது நீங்கதான்! அதுக்காக நெருப்புல போட ஏலாது. உடமாட்டேன்!”

அப்போதுதான் விஜயகலா அந்த அறைக்குள் கால் வைத்தாள். பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.

“போதும்ங்க. உங்க கோவத்துக்கு நான் இத்தன வருசம் பயந்தது போதும். குடுங்க.”

பெட்டி வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. கொழும்பில் குளிர் அறையில் பூட்டி வைத்தார்கள். சாவி ஹபீலாவிடம் மட்டும். காலையில் திறந்தால்... ஒரு தாள் வெறுமையாக இருக்கும். கோடில்லை, நிறமில்லை. துடைத்து வைத்த மாதிரி. மறுநாள் இன்னொன்று. கூட வேலை செய்தவர்கள், “திருப்பிக் குடுத்துருங்க” என்று கெஞ்சினார்கள்.

அவள் கொடுக்கவில்லை. எல்லாத் தாளையும் படமெடுத்தாள். அழிந்ததை அந்தப் படத்தைப் பார்த்துப் புதுத் தாளில் கீறி அதே இடத்தில் வைத்தாள். அவர் அழிக்க, இவள் கீற... அந்த மழைக்காலம் முழுக்க இதுதான் நடந்தது.

ஒரு காலை. முந்தின நாள் அவள் கீறிய கொழுந்துக்காரியின் முகம் அழியவில்லை. அதன் மேல் சிவப்பில் மெல்லிய கோடுகள் இருந்தன. தாடை கொஞ்சம் முன்னுக்கு. புருவம் கொஞ்சம் மேலே. அவள் எவ்வளவு முயன்றும் வராத அந்தத் திமிர் இப்போது முகத்தில் அப்படியே இருந்தது.

பக்கத்தில் வெறும் தாள் ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அவளுடைய தூரிகை... நுனியில் மை இன்னும் காயவில்லை.