யாரும் தேடி வராத குழந்தை

உங்கள் அலுவலகத்துத் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறை சொல்லவில்லை. கசப்பானதைப் பேச வருகிறவர்களுக்கென்றே இப்படிப் போடச் சொல்லியிருக்கிறீர்களோ என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு பிறப்புச் சான்றிதழைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ஜவுளிக்கடை சேதுபதி வீட்டுப் பெண் கண்மணி அடுத்த ஆண்டு பள்ளியில் சேர வேண்டும். சீனக் குழந்தை, தமிழ் வீட்டில் வளர்கிறாள். அது ஒன்றும் அதிசயமில்லை. சிராங்கூன் சாலையில் இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டில் அப்படி ஒரு பெண் பாவாடை கட்டிக்கொண்டு ஓடுவாள். ஆனால் இவளுக்கு மட்டும் காகிதம் இல்லை. கொண்டுவந்து கொடுத்தது வேலாயுதம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், நான்தான் கொண்டுவந்தேன்.

எனக்குக் கடை கிடையாது, சரக்கு கிடையாது. வசதி படைத்தவர்களுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பது என் தொழில். கல்யாண ஊர்வலத்துக்கு ஒரே உயரத்தில் இரண்டு வெள்ளைக் குதிரையா, கப்பலேறி வந்துவிட்ட மைத்துனனைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டுமா, என்னிடம்தான் ஆள் வரும். ஒரு வீட்டில் பாட்டியம்மாளின் கிளி செத்துப்போனது. அவருக்குத் தெரிவதற்குள் வேறொரு கிளியை வாங்கி, பழைய கிளி திட்டும் வசவுகளை எல்லாம் கற்றுக்கொடுத்துக் கூண்டில் விட்டேன். அந்த அம்மாள் கடைசிவரை அதனிடம் வசவு வாங்கிச் சந்தோஷமாகத்தான் போனார்.

என் அப்பா பருப்பு வியாபாரி. கேட்டு வந்தவரிடம் முடியாது என்ற சொல்லை எடுக்காதே, "சாயங்காலம் வாங்க" என்று சொல் என்பார். அதைத்தான் நான் கடைப்பிடித்தேன்.

சேதுபதியின் மனைவி சிவகாமசுந்தரிக்குப் பிள்ளை இல்லை. முதலில் நியாயமான வழியில்தான் ஒரு குழந்தை பார்த்துக் கொடுத்தேன். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த ஒரு சீனர் வீடு. அவர்களே மனசாரக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் பெற்றவள் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவாள். மரியாதை. அப்படி வந்த ஒரு வருஷம் வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அழுதாள். போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். யார் தடுப்பது? பெற்றவளாயிற்றே.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆரஞ்சுப் பழம் வாங்குவதில்லை. சிவகாமசுந்தரி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாளாம். சேதுபதி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வேலாயுதண்ணே, இன்னொரு பிள்ளை வேணும்" என்றாள் அவள். "ஆனா யாரும் தேடி வராத பிள்ளையா இருக்கணும். பழத்தைத் தூக்கிக்கிட்டு எவளும் என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. இன்னொரு தடவை தாங்க மாட்டேன்லா."

"அனாதை இல்லத்துல பார்க்கலாமே, தங்கச்சி."

"அங்கயும் சொந்தம்னு சொல்லிக்கிட்டு யாராச்சும் வருவாங்க. உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க."

சாயங்காலம் வருகிறேன் என்றேன்.

அறுபத்தொன்றில் அத்தாப்பு ஓலைக் குடிசைகள் எரிந்த தீ உங்களுக்கு நினைவிருக்கும். சேதுபதி போர்வைகள் கொடுத்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு, ஜனங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு நான்தான் போனேன். அங்கே ஒரு கிழவி, நடை பழகாத பெண்குழந்தை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆ லானின் பிள்ளை, புருஷன் இல்லாதவள், கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றாள். பிள்ளையைத் தாயிடம் சேர்த்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். சொல்லும்போது அந்த எண்ணத்தோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்பதுதான் வேறு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், வழியிலேயே புகை நெஞ்சில் அடைத்துப் பிள்ளை போய்விட்டது, முறையாக அடக்கம் செய்துவிட்டேன் என்று ஆ லானிடம் சொன்னேன். கிழவியிடமும் அதையே சொன்னேன். ஒரே சரக்குக்கு இரண்டு விலை சொல்லக் கூடாது. ஆ லான் கட்டுப் போட்ட கைகளைத் தூக்கி எனக்கு நன்றி சொன்னாள், ஐயா. கும்பிட முடியவில்லை அவளுக்கு.

சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பழக்கம் எனக்கு உண்டு. குன்றுச் சரிவில் சின்னதாக ஒரு கல்லறை கட்டினேன். உள்ளே சேதுபதி கொடுத்த போர்வைகளில் மிஞ்சிய ஒன்றைச் சுருட்டி வைத்தேன். வருஷா வருஷம் அவள் அங்கே ஊதுபத்தி ஏற்றுகிறாள். கல்லறை கூடக் கிடைக்காமல் போனவர்கள் அந்தத் தீயில் இல்லையா? அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கை ஆறியதும் வேலை கேட்டு என்னிடமே வந்தாள். நம்பிக்கை. அதே சமயத்தில் சிவகாமசுந்தரி, வாய் பேசாமல் துணி துவைக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். ஒருவரிடம் குறைவதை இன்னொருவரிடம் இருப்பதோடு சேர்த்துவைப்பதுதான் என் தொழில். சேர்த்துவைத்தேன். நீங்கள் ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

ஆபத்து இல்லை, ஐயா, யோசித்துத்தான் செய்தேன். கண்மணிக்குக் காது குத்தி, பொட்டு வைத்து, இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள். தமிழைத் தவிர வேறெதுவும் அவளுக்குப் பேச வராது. ஆ லானுக்கோ தன் மகள் மண்ணுக்குள் இருக்கிறாள். அவள் எப்படி வளர்ந்து வந்து நிற்பாள்? மூன்று வருஷம் ஆ லான் தழும்பு விழுந்த கைகளால் அந்தப் பாவாடைகளைத் துவைத்து, கொடியில் போட்டு, மடித்து வைத்தாள். பெற்ற பிள்ளைக்குத் தாய் செய்கிற வேலைதானே. ஒரு விதத்தில் பார்த்தால் நான் அவர்களைப் பிரிக்கவே இல்லை.

போன சீனப் புத்தாண்டன்று அவள் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கண்மணியின் கையில் கொடுத்துவிட்டாள். விவரம் தெரியாமல் செய்தது. சிவகாமசுந்தரி எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனபோது பழங்கள் சாக்கடையில் கிடந்தன. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள்.

"அவளை நிறுத்திடுங்கண்ணே. ஏன்னு கேக்காதீங்க. அவ பார்க்குற பார்வையே பிடிக்கல."

கேட்கவில்லை. கேட்கிற பழக்கமும் இல்லை.

பின்கட்டில் ஆ லானிடம் இனி வேலை இல்லை என்றேன். இருவருமே சந்தை மலாய்தான் பேசுவோம். அவள் கை துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை, தவுக்கே" என்றாள். முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரிதான் என்னையும் கூப்பிடுவாள். "ஒன்று மட்டும் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை, எதிர்ப்பக்கம் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? கிட்ட வரமாட்டேன். என் மகள் இருந்திருந்தால் இந்த உயரம்தான் இருப்பாள்."

இப்போது பேனாவை எடுங்கள். தாயின் பெயர் ஆ லான். உயிரோடு இருக்கிறாள், தோ பாயோவில் கட்டியிருக்கும் புது அடுக்குமாடி ஒன்றில் படிக்கட்டு கூட்டுகிறாள். பிள்ளையை அவளிடமிருந்து எடுத்தவன் நான்.

அன்றைக்கு அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? முடியாது என்றேன். இத்தனை வருஷத் தொழிலில் அந்தச் சொல்லை நான் எடுத்தது அந்த ஒரு முறைதான். என் மேல் யாரும் குறை சொல்ல முடியாது, ஐயா. அவள் என் வாடிக்கைக்காரி இல்லையே.