கணக்கில் புதைந்த வீடு

புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“அண்ணி, என் கணக்குல உங்க வீடு மூணு தடவ மண்ணுல புதைஞ்சிருச்சு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணி பதறவில்லை.

“கெம்பஸ்ல செய்யிற ஆராய்ச்சியா?”

“ஆமா. மழை பெஞ்சா நம்ம லயத்து வீடுகளுக்கு மேல உள்ள மலை நிக்குமா, சரியுமான்னு கம்ப்யூட்டர்ல பாக்குறேன். போன மாச மழையப் போட்டா சரிஞ்சிருச்சுன்னு காட்டுது. மலை என்னமோ அப்படியேதான் நிக்குது. எங்க பிழைன்னு படிப்பிக்கிற சேருக்கும் தெரியல.”

“மழைத்தண்ணி எங்க போகுதுன்னு போட்ட?”

“மண்ணுக்குள்ளதான்.”

“அதான் பிழை. நடு மலையில தண்ணி வடியிற பழைய கான் ஒண்ணு இருக்கு, புல்லு மூடிக் கிடக்கு. தேயிலைக் கொழுந்து எடுக்கிறப்ப காலுக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம் கேக்கும். பாதித் தண்ணி அது வழியாத்தான் ஆத்துக்குப் போகுது.”

இளையவள் அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். அண்ணி திரையில் விரலை வைத்து, கான் போகும் வழியைக் காட்டினார். கம்பளை வரும்வரை இளையவள் அதைக் கணக்கில் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நிக்குது அண்ணி! மலை நிக்குது!”

“சரி, கான் அடைச்சிக்கிட்டா?”

அவள் மறுபடி தட்டிப் பார்த்தாள். குரல் இறங்கியது.

“சரியுது.”

“அந்தப் படத்த என் போனுக்கு அனுப்பு. கானைத் துப்புரவாக்கணும்னு நாங்க எத்தன தடவ சொன்னாலும் தோட்டத்துத் தொரை கேக்க மாட்டாரு. கம்ப்யூட்டர் சொன்னா நாளைக்கே ஆள் விடுவாரு.”