வராத கருவிக்கு விட்ட இடம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கப்பல் தளத் தலைவர் அவர்களே, அலையை ஆளும் அதிகாரிகளே, தீப்பொறியில் பகலைக் கழிக்கும் தொழிலாளத் தம்பிகளே, அவர்களை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மராமத்து முடிந்து மறுபடி கடலுக்குப் போகிறதே இந்தப் போர்க்கப்பல், இதை வரைந்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. அந்தப் பெருமையை நான் பேசாமல் யார் பேசுவது?

கட்டும்போதே ஓர் அறையைக் காலியாக விட்டாள். பின்னாளில் வரப்போகும் கருவிக்கு இடம். இடம் மட்டுமா விட்டாள்? மின்கம்பி இழுத்தாள், குளிர்நீர்க் குழாய் பதித்தாள், கழற்றி மாட்டும் கூரைத் தகடு வைத்தாள். கைதட்டுங்கள் தம்பிகளே, அதை மாட்டியவர்கள் நீங்கள்தானே.

ஆனால் காலி அறையைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? முந்தைய கப்பலில் அப்படி விட்ட இடத்தில் கட்டில் போட்டார்கள், மூட்டை அடுக்கினார்கள், இஸ்திரி மேசையும் வைத்தார்கள். கருவி வந்தபோது கப்பல் கூடுதல் பாரம் தாங்கவில்லை, கருவி கரையிலேயே கிடந்தது. அதனால் இவள், இடமும் பாரமும் வேறெதற்கும் போய்விடாதபடி, வரப்போகும் கருவியின் எடைக்கு எடை இரும்புக் கட்டிகளை அறையில் வைத்துப் பூட்டினாள்.

மேலதிகாரி வந்தார். "இது கப்பலாம்மா, பழைய இரும்புக் கடையா? பசங்களுக்குப் படுக்க இடம் பத்தல. திற."

"திறக்கிறேன் சார். நீங்கதான் திறக்கச் சொன்னீங்கன்னு எழுதிக் குடுங்க."

"வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார்."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தாள். "வேலை போனா என்னடி செய்வே?" என்றேன்.

"உன்கூட உட்கார்ந்து டிவி சீரியல் பாப்பேன்."

"அந்தக் கொடுமை எனக்கு வேணாம். நாளைக்கும் போய் இதையே சொல்லு."

சிரிக்கிறீர்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் எழுதிக் கொடுக்க யாரும் வரவில்லை, அறையும் திறக்கவில்லை.

இந்த ஆண்டு புதிய ராடார் வந்தது. தகடு கழன்றது, கட்டி வெளியேறியது, கருவி உள்ளே போனது. அறுத்தார்களா? இல்லை. இடித்தார்களா? இல்லை. கப்பல் சாய்ந்ததா? இம்மியும் இல்லை. முன்னிருக்கையில் இருக்கும் ஐயா, தலையைக் குனியாதீர்கள். பிள்ளைகளுக்குக் கட்டில் கேட்டது குற்றமாகுமா?

அவள் எங்கே என்கிறீர்களா? பழைய பிரிவுக்கே அழைத்துவிட்டார்கள். அடுத்த கப்பலை வரைகிறாள். அதிலும் ஓர் அறை காலி. கட்டில் வேண்டுவோர் இப்போதே கேளுங்கள், அதற்குத் தனி இடம் போட்டுத் தருவாளாம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. போகிற பிள்ளைகள் பத்திரமாகத் திரும்புங்கள். வணக்கம்.