உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

ராத்திரி பதினோரு மணி. மரக்காணத்தில் மெயின் ரோட்டை விட்டு உப்பளத்துக்குள் இறங்குகிற மண் ரோடு. இரண்டு பக்கமும் பாத்தி. நிலா இல்லை. ஆனாலும் உப்பு கிடக்கிற இடத்தில் முழு இருட்டு கிடையாது. தரை வெளுப்பாய் இருக்கும்... மேலேதான் கறுப்பு. அந்த ரோட்டில் சகாதேவன் தனியாக நடந்து போனான்.

நம்ம சிங்காரத்தின் மச்சான்தான் இந்த சகாதேவன். சிங்காரம் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் சிங்காரத்துக்குக் கிடையாது. அதனால்தான் நம்பவேண்டி இருக்கிறது.

நெருங்கி உட்காருங்கள். அந்த லைட்டு எரியட்டும்.

சகாதேவன் தேடிப் போனது அக்கா மகன் அரவிந்தனை. ஆசையாகப் போகவில்லை. மறுநாள் அக்காவுக்கு முதல் வருஷத் திவசம். கொள்ளி போட வராதவன் திவசத்துக்கு வந்திருந்தான். வந்தவன், சாயங்காலம் உப்பளத்து மோட்டார் கொட்டாய்ப் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று போனான். சோற்றுக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. திவசத்துக்கு ஆள் வேண்டுமே... அதற்காகத்தான் சகாதேவன் போனான்.

அக்கா அம்சவல்லி உப்பு வாரித்தான் அவனைப் படிக்க வைத்தாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். மகன் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் ரயில் பைத்தியம் பிடித்தது. அங்கே அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறதாம். வண்டி என்றால் ஏறினோம், ஊர் போய்ச் சேர்ந்தோம் என்று இல்லாமல், எந்த வண்டி ஒசத்தி, எந்த ரூட்டு அழகு என்று பெரிய மனுஷர்களெல்லாம் மல்லுக்கு நிற்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் போன் பண்ணுவான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்சவல்லி கேட்பாள். பக்கத்தில் சகாதேவனும் இருப்பான்.

"புது வண்டியில சீட்டு ஒரு இடம், ஜன்னல் ஒரு இடம்மா. காசு குடுத்துட்டு சுவத்த பாத்துக்கினு போவணும். பழைய வண்டிதான் வண்டி. மலை ரூட்டுதான் பெஸ்ட்டுன்னு சில பேர் சொல்றான். நான் ஒத்துக்க மாட்டேன். கடல ஒட்டி ஒரு ரூட்டு இருக்குது. அலை அடிச்சா ஜன்னல்ல தெறிக்கும்."

"உப்புத் தண்ணியாடா?"

"கடல் தண்ணிதாம்மா."

"அப்ப அந்த ஜன்னல யாரு தொடைக்கிறா?"

சகாதேவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டானா? பழைய பெட்டிக் கதவில் உள்ளே கைப்பிடியே இருக்காது என்றான் அரவிந்தன். கண்ணாடியைக் கீழே இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கத்துப் பித்தளைப் பிடியைத் தடவித் திருப்பினால்தான் இறங்க முடியுமாம். அதில்தான் சுகமே இருக்கிறதாம்.

"ஏம்பா, அது ஆளை ஏத்துற வண்டியா, அடைக்கிற வண்டியா?" என்று கேட்டான் சகாதேவன்.

"ஏறிப் பாத்தாதான் தெரியும் மாமா. அம்மாவ கூட்டிக்கினு போறேன். கடல் பக்கம் ஜன்னல் சீட்டு அம்மாவுக்குத்தான்."

மரக்காணத்தில் ரயில் ஏது? உப்பளத்து ஓரமாய் ரயில் வரப்போகிறது என்று எத்தனையோ தடவை பேச்சு வந்தது. பேச்சுதான் வந்தது. அம்சவல்லி ரயிலில் கால் வைத்ததே இல்லை. ஆனால் மகன் சொன்னதை அவள் நம்பினாள். அந்த ஊர்க்காரன் முன்னால் கதவு திறக்கத் தெரியாமல் முழிக்கக் கூடாதென்று பழகவே ஆரம்பித்துவிட்டாள். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கீழே தடவுவாள். "கைய உள்ள எடும்மா, போயிடும்" என்று கண்டக்டர் கத்துவான். அவள் சிரிப்பாள். இறங்கும்போது முட்டி வலி. சகாதேவன் தோளில் ஒரு கையை ஊன்றித்தான் இறங்குவாள். எப்போதும் இடது தோள்.

போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அரவிந்தனுக்குச் சொன்னார்கள். லீவு கிடைக்குமா பார்க்கிறேன் என்றான். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்துக்கிடந்தார்கள். அப்புறம் சகாதேவன்தான் கொள்ளி போட்டான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் மகள் பிரியதர்ஷினி போனைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய ரயில்பெட்டி. ஜன்னலில் அரவிந்தன் தலை. பின்னால் கடல். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பழைய வண்டியை அந்த ரூட்டில் ஓட்டுவார்களாம். முன்னாடியே டிக்கெட் போட்டுவிட்டானாம். லீவு அதற்குக் கிடைத்திருக்கிறது.

கருமாதி முடிந்த பிறகு பார்சல் ஒன்று வந்தது. உள்ளே பித்தளைக் கைப்பிடி. உடைத்துப்போட்ட பெட்டியில் கழற்றியதாம். அம்மாவுக்கென்று ஏலத்தில் எடுத்தானாம். சகாதேவன் அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். தூக்கிப் போட மனசு வரவில்லை. அதே சமயம், வீட்டில் வைக்கவும் மனசு வரவில்லை. உப்புக் காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் வருஷம் தாங்காது, அரித்துக் கொட்டிவிடும். பித்தளை தாங்கும். அதனால் மோட்டார் கொட்டாய்க் கதவில் அதை மாட்டினான். வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் மாட்ட அதற்கு ஜோடி கிடையாது. கதவின் மேல்பாதியில் மோட்டார் சூடு போக ஒரு சதுர ஓட்டை உண்டு. அதற்கு நேர் கீழே கைப்பிடி.

யாருக்கும் அப்போது தோன்றவில்லை... அவன் செய்துவைத்தது எந்த வண்டியின் கதவு என்று.

சரி. பதினோரு மணி. கொட்டாய் கண்ணுக்குத் தெரிந்தது. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் சத்தம் வந்தது.

டடக் டடக்... டடக் டடக்...

சகாதேவன் நின்றான். ரோட்டில் லாரி ஏதும் இல்லை. சத்தம் கொட்டாய்க்குள்ளிருந்து. கூடவே வாசனை. இரும்பு இரும்போடு தேய்ந்து சூடேறுகிற வாசனை. நனைந்த கம்பளி வாசனை.

கதவு சாத்தியிருந்தது. காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டிருக்கும், பயல் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று நினைத்தான். அப்போதுதான் ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்தது. கீழே இறங்கியது. கைப்பிடியைத் தேடியது. கிடைக்கவில்லை. மறுபடி தேடியது.

சகாதேவன் டார்ச்சை அணைத்தான்.

"தேடுடா," என்றான் மெதுவாக. "அவ எத்தினி நாள் உன்ன தேடினா."

அங்கேயே நின்றான். பலகையில் நகம் உரசுகிற சத்தம்... சர்க்... சர்க்... நின்றது. திரும்ப வந்தது. அவனுக்கு வயிறு குளிர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். போதும் என்று ஆனபிறகு டார்ச்சைப் போட்டான்.

மணிக்கட்டில் பச்சை குத்தின தேள். உப்பில் வெடித்த விரல். ஆள்காட்டி விரலில் நகம் இல்லை.

அந்தக் கையை எடுத்து நெஞ்சுமேல் வைத்து, வறட்டியை அடுக்கினவனே அவன்தான்.

"அக்கா..."

ஓடிப்போய்ப் பிடியைத் திருப்பினான். பித்தளை ஐஸாய் இருந்தது. கதவு திறந்ததும் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. அக்கா போடுகிற புகையிலை வாசனை. அவன் இடது தோளில் ஒரு கை ஊன்றியது. பாரம் முழுவதையும் போட்டு... மெதுவாக... இறங்கியது.

அப்புறம் சத்தம் இல்லை. வாசனையும் இல்லை.

உள்ளே அரவிந்தன் காலி சாக்குமேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓட்டைப் பக்கமாக ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தான். அந்தப் பக்கத்துக் கன்னத்தில் மட்டும் உப்புப் பூத்திருந்தது.

"கடல் பக்கம் குடுத்தேன் மாமா," என்றான். "அம்மா இறங்கிட்டாங்களா?"

வீடு வந்து சேரும்வரை சகாதேவனுக்கு இடது தோள் கனத்தது. திவசம் நடந்தது. ஊருக்குப் போகிற அன்று காலையில் அரவிந்தன் கொட்டாய்க்குப் போய்ப் பித்தளைப் பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். சகாதேவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தொலைந்தது என்று விட்டுவிட்டான்.

அதுதான் தப்பு.

போன வாரம் சகாதேவனே போன் பண்ணிக் கெஞ்சினானாம். "டேய், அந்தப் புடிய அனுப்பி வைடா. வூட்டுக் கதவுல மாட்டணும்." அரவிந்தனோ பிரேம் போட்டு மாட்டிவிட்டேன் மாமா, இங்கே எல்லாரும் வந்து பார்க்கிறார்கள் என்றானாம்.

சகாதேவன் வீட்டில் வாசற்கதவை ஒட்டி ஒரு கம்பி ஜன்னல் உண்டு. தினம் காலையில் கதவின் வெளிப்பக்கத்தில் உப்புத் தடம் இருக்கிறது. நான்கு விரல். அவன் துடைக்கிறான். மறுநாளும் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து தட்டின கை என்றால் விரல் நுனி மேலே பார்த்து இருக்கும்.

இது ஜன்னல் கம்பியிலிருந்து கீழே இறங்குகிறது... கைப்பிடி இருக்கவேண்டிய இடம்வரை.