மூன்றாம் சுற்று

— நெல்லு மேல நின்னுக்கிட்டுப் பேசாதீங்கக்கா, இப்படி ஓரமா வாங்க. தஞ்சாவூர்லேருந்து பஸ்லயா வந்தீங்க?

— பேச்சை மாத்தாதே குந்தவை. நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?

— விழுந்துச்சு. லேப்ல நான் உருட்டி வெச்ச ஜெல் மணியை நீங்கதான் கரைச்சீங்கன்னு சொன்னீங்க. நாலு வருஷம் ஆச்சு, விடுங்க.

— விட முடியலையேடி. கேளேன். அன்னிக்கு சனிக்கிழமை. அம்மாவுக்கு முடியலைன்னு நீ மாயவரம் கிளம்பினே. "ஹம்சாக்கா, மணியை மட்டும் அலசி, புதுத் தண்ணியில போட்டு வெச்சிருங்க"ன்னே.

— ஆமா, சொன்னேன்.

— கால்சியம் கலந்த உப்புத்தண்ணி பாட்டில் காலி. புதுசா கலக்க சோம்பேறித்தனம். அஞ்சரை கும்பகோணம் பஸ்ஸைப் பிடிக்கணும்னு அவசரம் வேற. பக்கத்துல பாஸ்பேட் பஃபர் இருந்தது. அதை ஊத்திட்டுப் போயிட்டேன்.

— ம்.

— பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிடும், ஜெல் கரைஞ்சுடும்னு முதல் வருஷப் பசங்களுக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் யோசிக்கலை. திங்கட்கிழமை மருந்துக் கம்பெனிக்காரர் முன்னாடி நீ மூடியைத் திறந்தே. ஜவ்வரிசி மாதிரி இருந்ததெல்லாம் கஞ்சியாக் கிடந்தது. உள்ள அடைச்சு வெச்ச பாக்டீரியா அத்தனையும் வெளில.

— நம்ம கைடு சார் கத்துனாருல்ல... "சிரிஞ்சுல மணி உருட்டத் தெரியல, நீ ஸ்டீராய்டை மாத்தப் போறியா"ன்னு.

— நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன். வாயைத் திறக்கலை. உன் ஃபெலோஷிப் போச்சு, ப்ராஜெக்ட் என் கைக்கு வந்தது. வெட்கமில்லாம வாங்கிண்டேன்.

— செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் கொஞ்சம் காலால கிளறி விடுங்கக்கா. ஈரப்பதம் பதினேழுக்கு வந்தாத்தான் கொள்முதல் நிலையத்துல எடுப்பாங்க. பத்தொம்போதுலயே நிக்குது.

— வானம் வேற மூட்டமா இருக்கு. பதினேழுன்னே போட்டுக்கச் சொல்லிப் பாரேன்.

— நம்பர்ல கை வைக்கிற வேலை மட்டும் வேணாம்க்கா.

— நீ அப்படித்தான். அதான் எனக்கு இன்னும் குத்தறது. உன் நோட்டை வெச்சுண்டுதான் நாலு வருஷமா மல்லாடறேன். அதே பாக்டீரியா, அதே ஜெல், அதே ஊசி. ஒரே மணியை அலசித் திரும்பத் திரும்ப ஓட்டறச்சே, ஹைட்ரோகார்ட்டிசோனை ஊத்தினா முதல் சுத்துல ஜோரா பிரெட்னிசலோனா மாத்திக் குடுக்கறது. ரெண்டாவது பரவாயில்லை. மூணாவதுல படுத்துடறது.

— மூணாவதுலயா?

— உனக்குப் பத்து சுத்து வந்தது! பத்தாவதுலயும் எண்பத்தாறு பர்சென்ட் மாறித்து! அந்த மணியைத்தான் நான் கரைச்சேன். பாவம் பண்ணின கை, வேற எப்படி வரும்?

— அப்படிச் சொல்லாதீங்கக்கா. சத்தியமா சொல்லாதீங்க.

— ஏன் அழறே? என்னைத் திட்டேன். திட்டுவேன்னு நினைச்சுண்டுதான் வந்தேன். காலம்பற சார்கிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன், கையெழுத்துப் போட்டு. தப்பு என்னுது, நான் விலகறேன், உன்னைத் திரும்பக் கூப்பிடணும்னு.

— ஐயையோ! என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? போனைப் போடுங்க. லெட்டரைத் திருப்பி வாங்குங்க.

— மாட்டேன். மனசு இப்பத்தான் கொஞ்சம் லேசாச்சு.

— அக்கா, எனக்கும் மூணாவதுலயே படுத்துருச்சு.

— என்னடி சொல்றே?

— நாலுலேருந்து பத்து வரைக்கும் நான் எழுதிக்கிட்டது. சார் தெனமும் "எத்தனை சுத்து, எத்தனை சுத்து"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பயத்துல ஒவ்வொண்ணா எழுதிட்டேன். அப்புறம் பாத்தா, திங்கட்கிழமை கம்பெனிக்காரரு முன்னாடி ஓட்டிக் காட்டுன்னுட்டாரு.

— அப்ப... அம்மாவுக்கு முடியலைன்னது?

— அம்மா நல்லாத்தான் இருந்தாங்க.

— அந்த உப்புத்தண்ணி பாட்டில் ஏன் காலியா இருந்தது, குந்தவை? நீதானே தினம் ரொப்பி வெப்பே?

— நான்தான்க்கா சிங்க்ல கொட்டினேன். பஃபரை உங்க கைக்கு எட்டுற மாதிரி நவுத்தி வெச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்.